பனிக் கழிவு

கொழிஞ்சாம்பாறை
4.6.2025

கற்பகத்துக்கு மோகனசுந்தரம் எழுதுவது.

நாலு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. எடுக்காததும் நியாயம்தான். புருசன் காரியத்துக்கு வந்தவன், திரும்பும்போது அவன் ஆறு வருசம் உட்கார்ந்து கட்டிய விமானத்தை ரெக்கை கழற்றி லாரியில் ஏற்றி, போடிமெட்டு வளைவுகளில் இறக்கிக்கொண்டு போனால் எந்தப் பொம்பளைதான் போன் எடுப்பாள்? இஞ்சின் நான் வாங்கியது, அனுமதி கேட்டு அபேட்சை என் பெயரில் கொடுத்தது என்று நானும் ரெண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை விடு. இது சண்டைக் கடுதாசி இல்லை. ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்.

பாண்டித்துரை வரைந்த படத்தையும் எழுதிய நோட்டையும் வைத்து இங்கே தோட்டத்து ஷெட்டில் விமானம் கட்டி விற்கிறேன். உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர் ஒருத்தன் யோசித்து வரைந்தது என்றால் வாங்க வருகிறவர்கள் நம்புவதில்லை. இதுவரை நாலு முடிந்தது. என் மகள் யோகப்பிரியாதான் கட்டுகிறாள். ஒரு ரிவெட்டைக்கூட இன்னொருத்தர் அடிக்க விடமாட்டாள். ரிஜோ என்று ஒரு பையன் பெயிண்ட் மட்டும் அடிக்கிறான்.

சந்தேகம் இதுதான். பாண்டி ஒவ்வொரு சாமானுக்கும் எடை எழுதி, கடைசியில் கூட்டி 185 கிலோ என்று போட்டிருக்கிறான். நாங்களும் ஒவ்வொன்றாக நிறுத்துத்தான் பொருத்துகிறோம். கூட்டினால் அச்சாக 185 வருகிறது. ஆனால் கட்டி முடித்து எடை மிஷினில் ஏற்றினால் 188, 189, 188, 189. பெயிண்டைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். சரி என்று பாண்டி கட்டிய முதலாவதை ஏற்றிப் பார்த்தேன். 202 காட்டுகிறது. பதினேழு கிலோ எங்கிருந்து வந்தது? நோட்டில் எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா? வேறு நோட்டு வைத்திருந்தானா?

வாங்கியவர்கள் கேள்வி கேட்கிறார்கள். கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம் என்று ஊரில் ஏற்கெனவே சிரிக்கிறார்கள். ஒரு வரி எழுதிப் போடு.

மோகனசுந்தரம்


சின்னக்கானல்
13.6.2025

மோகனசுந்தரம் அண்ணனுக்கு,

போனில் பேசினால் நீங்கள் பேச்சிலேயே ஆளைக் கட்டிப்போட்டுவிடுவீர்கள். அதனால்தான் எடுக்கவில்லை. பேப்பரில் என்றால் நாளைக்குச் சாட்சியாவது இருக்கும்.

வேறு நோட்டு எதுவும் இல்லை. பதினேழு கிலோவுக்கு அவரே அன்றைக்கு ஒரு கணக்குச் சொன்னார். அதை எழுதுகிறேன்.

எங்கள் எஸ்டேட்டில் இலை மூட்டையைக் கொக்கியில் மாட்டி நிறுக்கிற வட்டத் தராசு உங்களுக்குத் தெரியும். இப்போது நான்தான் அங்கே நின்று பேர் கூப்பிடுகிறேன். இலையில் ஈரம் இருக்கும் என்று அந்த முள்ளையே நாலு கிலோ குறைத்து வைத்திருக்கிறார்கள். இருபது கிலோ பறித்தால் பதினாறுதான் காட்டும். சில வருசம் மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் திருகி விடுவார்கள். பனிக் கழிவு என்று சொல்லுவோம். பனி தின்ற கிலோ போக மிச்சம்தான் எங்களுக்கு. நீங்கள் தம்பி தம்பி என்று கூப்பிட்டவர் விமானத்துச் சாமானையெல்லாம் அந்தத் தராசில்தான் மாட்டி நிறுத்தார். கடைசித் திருகு மட்டும் பாக்கி இருக்கும்போது ஃபேக்டரி மிஷினில் ஏற்றியபோது 202 வந்தது. "பெரிசு பெரிசா இருக்கிற சாமான்லயெல்லாம் பனி திங்க வேண்டியதைத் தின்னிருக்கு, கற்பகம்" என்று சொல்லிச் சிரித்தார். அதோடு முடிந்தது.

இப்போது என் பேச்சுக்கு வருகிறேன். போன மாதம், என்னோடு இலை பறிக்கிற ராமுத்தாய் அக்கா மகன் உங்கள் ஊர்ப்பக்கம் வந்தவன், என் வீட்டுக்காரர் கட்டிய விமானத்தைப் போனில் படம் பிடித்துக் காட்டினான். வாசலுக்குக் கீழே ஒரு தகடு. "கட்டியவர்: மோகனசுந்தரம்." நோகாமல் நொங்கு தின்பது என்றால் இதுதான். அவர் அதில் ஒரு நாள்கூட ஏறிப் பறக்கவில்லை. பேராவது ஏறியிருக்கக் கூடாதா?

எங்கள் தராசில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டை தொங்கும்போது நான் பேரையும் எடையையும் கூப்பிட வேண்டும். பறித்தவள் "என்னது" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் மூட்டையை இறக்குவோம், இல்லாவிட்டால் அப்படியே தொங்கும். ஒருத்தி பறித்ததற்கு இன்னொருத்தி "என்னது" என்று சொன்னால் பறித்தவள் உடம்பு இளைக்கும் என்பார்கள். நீங்கள் ஆறு வருசத்து மூட்டைக்கு "என்னது" சொல்லியிருக்கிறீர்கள், அண்ணே.

கற்பகம்


கொழிஞ்சாம்பாறை
22.6.2025

கற்பகத்துக்கு,

திட்டு வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதான். ஆனால் நீ சொன்ன கணக்கு இங்கே ஒத்துவரவில்லை. என்னுடையது எலக்ட்ரானிக் மிஷின், அதிலும் ஒவ்வொரு சாமானும் பாண்டி எழுதிய எடைதான் காட்டுகிறது; அவன் கழிவைக் கூட்டித்தான் நோட்டில் எழுதியிருக்கிறான். கொழிஞ்சாம்பாறையில் ஏது பனி? ஜூன் மாதத்திலும் கணவாய்க் காற்றும் புழுதியும்தான். எங்கள் சாமானை எந்தப் பனியும் தின்னவில்லை. அப்புறம் எப்படி நாலு விமானத்திலும் மூணும் நாலுமாகக் கூடுகிறது?

தகட்டைப் பற்றிக் கேட்டாய். தொழில் எப்படி நடக்கிறது என்று உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். சொந்தமாகக் கட்டிய விமானம் என்றால்தான் சுலபமாக அனுமதி கிடைக்கிறது. அதனால் வாங்குகிறவர் ரெண்டு நாள் இங்கே வந்து தங்குவார். இளநீர் குடிப்பார். ரிவெட் அடிக்கிற மிஷினைக் கையில் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார். "கட்டியவர்" என்ற இடத்தில் ஒப்புப் போடுவார், கையெழுத்துத்தான். அவர் பேரில் தகடு அடித்துக் கொடுத்துவிடுவோம். எல்லாருக்கும் சந்தோசம். யோகப்பிரியாவுக்கும் ஒன்றும் வருத்தமில்லை. "பேர்ல என்னங்ப்பா இருக்குது, பறந்தாச் சரி" என்கிறாள்.

ஆனால் வாங்கியவர்கள் சொல்வது ஒரு மாதிரியாக இருக்கிறது. ரெண்டாவதை வாங்கியவர், மத்தியான நேரத்தில் நிறுத்தி வைத்த விமானத்துக்குள் யாரோ பெண் முனகுகிற மாதிரிப் பாட்டுக் கேட்கிறது என்கிறார். நாலாவதை வாங்கியவர், பக்கத்து சீட்டு காலியாக இருக்கும்போதும் மெத்தை அழுந்தியிருக்கிறது என்கிறார். அவர் வண்டி இப்போது ஏதோ சின்ன வேலைக்காக இங்கே ஷெட்டில்தான் நிற்கிறது. நானே போய்ப் பார்த்தேன். மெத்தை அழுந்தித்தான் இருந்தது. கையை வைத்தேன், சூடாக இருந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன். ஷெட்டுக்குள் வெயில் வராது.

யோகப்பிரியாவுக்கும் உடம்பு சரியில்லை. ரிவெட் அடிக்கும்போது வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பாள், உனக்கு ஞாபகமிருக்கும். இப்போது பாடுவதில்லை. 56 கிலோ இருந்தவள் 42 ஆகிவிட்டாள். கோயமுத்தூரில் எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்கிறார்கள். போன வாரம் ஆதார் மிஷினில் அவள் விரலை வைத்தால் ரேகை விழவில்லை. பத்து விரலும் வைத்தாள். பசையிலேயே வேலை செய்தால் ரேகை தேய்ந்துவிடும் என்று அங்கிருந்த ஜிஸ்மி என்ற பெண் சமாதானம் சொன்னாள். எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் கிடைக்கிறது, கற்பகம். மனசுக்குத்தான் கிடைக்கவில்லை.

மோகனசுந்தரம்


சின்னக்கானல்
29.6.2025

அண்ணே,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரெண்டு நாள் நான் வேலைக்குப் போகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நாலு விமானத்தில் கூடியது மூணும் நாலும் மூணும் நாலும். பதினாலு. யோகப்பிரியா 56-இல் இருந்து 42. பதினாலு.

இப்போது நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். விமானம் கட்ட ஆரம்பிக்கும்போது அவர் 65 கிலோ. கடைசியில் ஆஸ்பத்திரி மிஷினில் 48. பதினேழு, அண்ணே. அந்த 202-க்குள் இருக்கிற பதினேழு.

நடுவில் எனக்குத் தெரியாமல் இல்லை. வாரா வாரம் இலைத் தராசில் பலகை கட்டி அவரை உட்கார வைத்து நிறுப்பேன். முதலில் 61 காட்டியது. கழிவு நாலு போனால் சரிதானே என்று விட்டேன். அப்புறம் 57. மழைக்கு முள்ளைத் திருகியிருப்பார்கள் என்றேன். 52 வந்தபோது, "அக்கா, எடை பாக்குற கண்டக்டர் இந்த வருசம் ரொம்பத்தான் திருகிட்டாரு" என்று வரிசையில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தேன். அவரும் பலகையில் உட்கார்ந்தபடியே, "பனி என்னையும் இலைன்னு நினைச்சுக்கிச்சு" என்றார். பதினைந்து வருசம் அந்தத் தராசு எங்களை ஏமாற்றிப் பழக்கியிருந்தது. புருசன் கரைந்துபோனதைக்கூட எஸ்டேட் திருட்டு என்று நினைத்துவிட்டேன். இந்தக் கூத்து வேறு எந்த ஊரில் நடக்கும்?

ரேசன் கடையில் அவருக்கும் ரேகை விழவில்லை. இலை பறிக்கிறவர்களுக்கே விழாது, ஃபிட்டருக்கு எப்படி விழும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மழையில் நனைந்த பாதையில் நானும் அவரும் நடந்து வந்தால் என் தடம்தான் பதியும். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, சமையலுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு நடந்தேன்.

ஆரம்பத்தில் அபேட்சை உங்கள் பேரில் போனது. "கட்டுபவர்" என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள், அன்றைக்கு அவரும் பக்கத்தில் நின்று சந்தோசப்பட்டார். அன்றிலிருந்துதான் அவர் இளைத்தார். போன கடிதத்தில் வயிற்றெரிச்சலில் ஒரு வரி எழுதினேனே, பறித்தவள் உடம்பு இளைக்கும் என்று. வயிற்றெரிச்சலுக்கு எழுதியது உண்மையாகிவிட்டது.

தகடுகளை மாற்றுங்கள். நாலிலும் யோகப்பிரியா பேரை எழுதுங்கள். பேப்பரிலும் எழுதுங்கள்.

கற்பகம்


கொழிஞ்சாம்பாறை
8.7.2025

கற்பகம்,

உன் துக்கம் எனக்குப் புரிகிறது. அதற்காக என் பிள்ளையை உன் புருசன் பாடையில் ஏற்றாதே.

வாங்கியவர் கட்டவில்லை, கம்பெனிக்காரன் மகள் கட்டினாள் என்று பேப்பரில் எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு அனுமதியும் நிற்காது. நாலு பேரும் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்துவார்கள். பொய் ஒப்பு வாங்கினான் என்று கேஸ் போடுவார்கள். நான் தென்னந்தோப்பை ஒழித்துவிட்டுத்தான் ஓடுபாதை போட்டேன். எங்கள் அப்பாரு வைத்த நூற்று இருபது மரம். தராசுக்கடியில் பொம்பளைகள் பேசுகிற பேச்சுக்காக இதையெல்லாம் விடச் சொல்கிறாயா?

உனக்கு அந்தத் தகட்டில் பாண்டி பேர் வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாய் என்று என் சம்சாரம் மருதாத்தாள் சொல்கிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மறுத்தும் சொல்லவில்லை.

அஞ்சாவது விமானம் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. ஆவணியில் கொடுக்க வேண்டும். யோகப்பிரியாவுக்குச் சத்து ஊசி போடுகிறோம்.

மோகனசுந்தரம்


சின்னக்கானல்
14.7.2025

அண்ணனுக்கு,

மருதாத்தாள் அக்கா சொன்னதில் தப்பில்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் தோன்றும். சரி, உங்கள் தகட்டில் அவர் பேர் வேண்டாம். இந்தக் கடிதத்தையே சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இனி என்ன? பேர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் வாங்கிக்கொள்ள உடம்பில்லை.

உங்கள் பிள்ளைக்கு உடம்பு இருக்கிறது.

ஒன்று மட்டும் கணக்குப் பாருங்கள். அஞ்சாவது முடிந்தால் பதினாலோடு மூணு சேரும். அவர் பதினேழு வரைக்கும்தான் தாங்கினார். விமானத்தில் கடைசித் திருகைத் திருகிய வெள்ளிக்கிழமை, "முடிச்சிட்டேன் புள்ள" என்று வந்து படுத்தவர்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கட்டிலில் இருந்து தூக்கியபோது இலைக் கூடை மாதிரி இருந்தார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள். என்னை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஷெட்டில் நிற்கிறதே நாலாவது, அதை மிஷினில் ஏற்றுங்கள். தகட்டைக் கழற்றுங்கள். பேரையும் எடையையும் சத்தமாகக் கூப்பிடுங்கள். யோகப்பிரியாவை "என்னது" என்று சொல்லச் சொல்லுங்கள். எண் அசையாவிட்டால் நான் புத்தி கெட்டவள் என்று ஊரெல்லாம் சொல்லுங்கள், வந்து உங்கள் காலில் விழுகிறேன்.

கற்பகம்


கொழிஞ்சாம்பாறை
27.8.2025

தங்கச்சி கற்பகத்துக்கு,

ஒன்றரை மாதமாகப் பதில் போடவில்லை. நடந்ததை எழுத இன்றுதான் கை வந்தது.

உன் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அளந்து பார்க்கப் பயம். அளந்து உண்மை என்று தெரிந்துவிட்டால் தோப்பும் போச்சு, தொழிலும் போச்சு என்ற பயம்தான். இவ்வளவு கேவலமாக இருந்தேன் என்று உனக்கு எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை.

ஆடிக் கடைசியில் அஞ்சாவதை முடித்தாள். மிஷினில் 188. அன்றைக்கு மத்தியானம் ஓடுபாதையில் நடந்து வந்தவளைப் பார்த்தேன். முந்தின நாள்தான் மழை பெய்து, மண் சொதசொதவென்று கிடந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு தடமும் இல்லை. நான் நின்ற இடத்தில் என் செருப்பு அரை விரல்கடை புதைந்திருந்தது. காற்று ஒன்று வந்தது. தென்னை ஓலை திரும்புகிற மாதிரி அவள் அப்படியே ஒருக்களித்துத் திரும்பினாள். "அப்பா, என்னைய கொஞ்சம் புடிச்சுக்குங்க" என்றாள். பிடித்தேன். தூக்கிக்கொண்டே ஷெட்டுக்கு ஓடினேன். எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை, கற்பகம். அம்பத்தஞ்சு வயசுக்காரனுக்கு.

நாலாவதை ரிஜோவும் நானும் மிஷினில் தள்ளி ஏற்றினோம். 189. தகட்டைக் கழற்றினேன். "யோகப்பிரியா, நூத்தி எம்பத்தொம்பது" என்று கூப்பிட்டேன். பெஞ்சில் படுத்தபடியே "என்னதுங்" என்றாள். அந்த நிலைமையிலும் மரியாதை. கண்ணுக்கு எதிரில் மிஷினில் எண் இறங்கியது. 188, 187, 186, 185. நின்றுவிட்டது. ரிஜோ கும்பிட்டபடி வெளியே போனவன் அன்றைக்குத் திரும்பி வரவில்லை. பெஞ்சு கிறீச்சிட்டது. அவள் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதுங்ப்பா" என்றாள்.

அஞ்சாவது அங்கேயே நின்றது. அதையும் கூப்பிட்டோம். மற்ற மூணுக்கும் தகட்டைக் கழற்றிக் கூப்பிட நேரில் போனோம். ரெண்டு பேர் மறுபேச்சுப் பேசவில்லை, பாட்டுச் சத்தம் நின்றால் போதும் என்றார்கள். ஒருத்தர் மட்டும், "ஒப்புப் போட்டிருக்கேன், நான்தான் கட்டினேன்" என்று வாசலை மறித்தார். யோகப்பிரியா, "இடது ரெக்கையில எத்தனை ரிவெட்டுங்க?" என்று கேட்டாள். முழித்தார். "முன்னூத்தி எழுபத்தாறு. அதுல ஒம்பது தப்பா அடிச்சு மறுபடி அடிச்சது" என்றாள். அவர் வழியை விட்டுவிட்டார்.

இப்போது 56 இருக்கிறாள். ரேகை விழுகிறது. அஞ்சு விமானமும் திரும்ப வந்து ஷெட்டில் நிற்கிறது, அஞ்சிலும் அவள் பேர். ஒன்றும் பறக்காது. ஒரு கேஸ் வந்திருக்கிறது, இன்னும் வரும். போர்டை இறக்கிவிட்டேன். ஓடுபாதையில் தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டுகிறார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு குழி தோண்டுவதில் எனக்கு வருத்தமில்லை.

கடைசியாகத்தான் முதல் விமானத்துக்கு வந்தேன். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஆனால் தகட்டில் இருக்கிற என் பேரை என்னால் பார்க்க முடியவில்லை. பாண்டித்துரை என்று புதுத் தகடு அடித்து, முந்தாநாள் காலையில் மிஷினில் ஏற்றிக் கூப்பிட்டேன். "பாண்டித்துரை, எரநூத்தி ரெண்டு." பதில் சொல்ல ஆளில்லை. எண் அசையவில்லை. "நான் கட்டலைங்க, அவன்தான் கட்டினான்" என்று ஷெட்டில் தனியாக நின்று சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். நேற்றுப் போய்ப் பார்த்தால் 185 காட்டுகிறது. மிஷினை அணைத்துப் போட்டும் பார்த்தேன்.

அந்தப் பதினேழு எங்கே போயிருக்கும், கற்பகம்? யோகப்பிரியாவுக்கு உடம்பு இருந்தது, திரும்பி வந்தது. அவன் எங்கே போவான்? ரெண்டு நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னை மன்னி.

மோகனசுந்தரம்


சின்னக்கானல்
1.9.2025

அண்ணே,

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஏனென்றால் இங்கே அது செவ்வாய்க்கிழமையே நடந்துவிட்டது. தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், 26.

அன்றைக்குக் காலையில் பனி இறங்கி, எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. பெண்கள் மூட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். நான் இன்னும் ஒன்றையும் மாட்டவில்லை. பேர்ப் புத்தகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ராமுத்தாய் அக்கா, "ஏடி கற்பகம், முள்ளைப் பாரு" என்றாள்.

காலிக் கொக்கி ஆடாமல் நேராகத் தொங்கியது. கயிறு விறைத்து நின்றது. முள் பதிமூன்றில் நின்றது.

தராசு கெட்டுப்போச்சு என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், தெரிந்தது. புத்தகத்தில் இல்லாத பேரைக் கூப்பிட்டேன். "பாண்டித்துரை, பதிமூணு." வழக்கம்போல வரிசையைப் பார்த்தேன். யாராவது சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அப்படியே தொங்கும். எத்தனை நாளைக்குத் தொங்குவார்?

"என்னது" என்றேன்.

மூட்டை வாங்குகிற மாதிரி ரெண்டு கையையும் கொக்கிக்கு அடியில் நீட்டினேன். கயிறு தளர்ந்தது, முள் பூச்சியத்துக்குப் போனது. கை கனத்தது. குளிர்ந்திருக்கும் என்று நினைத்தேன், இல்லை. ராமுத்தாய் அக்கா வேலையை வாங்கிக்கொண்டு, "நீ வீட்டுக்குப் போ தாயி" என்றாள். பாதையெல்லாம் சேறு. பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் தடம் ஒவ்வொன்றும் சுமை தூக்கியவள் தடம் மாதிரி ஆழமாகப் பதிந்திருந்தது. லயத்து வீட்டில் கட்டிலில் அவர் படுக்கிற பக்கம் கொண்டுபோய் வைத்தேன். இன்றைக்கும் மெத்தை அங்கே அழுந்தித்தான் இருக்கிறது. எனக்குப் பயமில்லை. உங்கள் மேல் வருத்தமும் இல்லை.

யோகப்பிரியாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் நோட்டையும் கொண்டு வாருங்கள். அதில் கடைசிப் பக்கத்தில் ஒரு எடை எழுத வேண்டியிருக்கிறது. முள் பதிமூன்றுதான் காட்டியது. இந்தத் தடவை பனிக்கு விடாமல் நாலைக் கூட்டிக்கொண்டேன்.

கற்பகம்